வாரமா, மாதமா, நாளா? காலக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரே வீட்டுக்குள் ஐந்து விதமான காலக் கணக்கு ஓடும். குழுக் கடனுக்கு வாரத் தவணை, கம்பெனியில் மாதச் சம்பளம், போனுக்கு 28 நாள் ரீசார்ஜ், மருமகளுக்குக் கர்ப்ப வாரம், பண்டிகைக்குத் தமிழ்த் தேதி. ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது எங்கே பிசகுகிறது, எப்படிச் சரியாகப் போடுவது என்பதைக் கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

ஒரு மாதத்துக்கு எத்தனை வாரம்? நாலா, நாலரையா?

இரண்டும் இல்லை. சராசரி 4.348 வாரம்.

இந்த எண் வரும் வழி இது. நாம் பயன்படுத்தும் ஆங்கில நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வரும். அந்த 400 ஆண்டில் மொத்தம் 1,46,097 நாள். இதை 7-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 20,871 வாரம் வரும். 400 ஆண்டு என்பது 4,800 மாதம். 20,871-ஐ 4,800-ஆல் வகுத்தால் 4.348125. மாதத்தின் சராசரி நீளம் 30.44 நாள்.

இது சராசரி மட்டுமே. சரியாக 4 வாரம் உள்ள மாதம், லீப் இல்லாத ஆண்டின் பிப்ரவரி ஒன்றுதான். 30 நாள் மாதம் 4 வாரம் 2 நாள். 31 நாள் மாதம் 4 வாரம் 3 நாள்.

பேப்பர் பேனா இல்லாமல் மனக்கணக்காகப் போட வழி உண்டா?

உண்டு. வாரத்தை மாதமாக்க 23-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 20 வாரம் என்றால் 460, அதாவது 4.6 மாதம். பல வருடக் கணக்கில்கூட இதில் வரும் பிசகு ஒரு நாளைத் தாண்டாது.

மாதத்தை வாரமாக்க 4-ஆல் பெருக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் வீதம் கூட்டுங்கள். 9 மாதம்: 36, அதோடு 3, ஆக 39 வாரம். 6 மாதம்: 24, அதோடு 2, ஆக 26 வாரம்.

அடிக்கடி தேவைப்படுகிறவை:

4 வாரம் = 28 நாள் = 0.92 மாதம்
6 வாரம் = 42 நாள் = 1.38 மாதம்
8 வாரம் = 56 நாள் = 1.84 மாதம்
10 வாரம் = 70 நாள் = 2.30 மாதம்
12 வாரம் = 84 நாள் = 2.76 மாதம்
13 வாரம் = 91 நாள் = 2.99 மாதம்
20 வாரம் = 140 நாள் = 4.60 மாதம்
26 வாரம் = 182 நாள் = 5.98 மாதம்
40 வாரம் = 280 நாள் = 9.20 மாதம்
52 வாரம் = 364 நாள் = 11.96 மாதம்

இதில் 13 வாரம் = 3 மாதம், 26 வாரம் = 6 மாதம் என்ற இரண்டை மட்டும் மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். 12 வாரத்தை மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. அதில் ஒரு முழு வாரம் காணாமல் போகிறது.

4.6 மாதம் என்றால் 4 மாதம் 6 நாள்தானே?

இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது மாதத்தில் பத்தில் ஆறு பங்கு. அதை 30.44-ஆல் பெருக்கினால் 18 நாள். ஆக 4 மாதம் 18 நாள்.

மணியிலும் இதே சிக்கல் வரும். வருகைப் பதிவேட்டில் 7.30 என்று எழுதியிருப்பது ஏழரை மணி நேரம், கால்குலேட்டரில் 7.30 என்று தட்டினால் அது 7 மணி 18 நிமிடமாகிவிடும். 7.5 என்றுதான் தட்ட வேண்டும். நிமிடத்தை 60-ஆல் வகுத்த பிறகே புள்ளி வைக்கவும்.

சராசரி வேண்டாம், சரியான தேதி வேண்டும். எப்படிப் போடுவது?

வாரத்தை நேராக மாதமாக்க முயலாதீர்கள். முதலில் நாளாக்குங்கள், பிறகு தொடக்கத் தேதியிலிருந்து நாட்காட்டியில் எண்ணுங்கள்.

5 ஜனவரி 2026-லிருந்து 18 வாரம் என்று வைத்துக்கொள்வோம். 18 × 7 = 126 நாள். ஜனவரியில் மீதி 26, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, கூட்டினால் 115. இன்னும் 11 தேவை. விடை மே 11. மே 5-க்கு நாலு மாதம் முடிகிறது, ஆகவே இது 4 மாதம் 6 நாள்.

அதே 18 வாரத்தை 5 ஜூலை 2026-லிருந்து எண்ணினால் நவம்பர் 8 வரும். இது 4 மாதம் 3 நாள். இடையில் பிப்ரவரி வருகிறதா இல்லையா என்பதுதான் அந்த மூன்று நாள் வித்தியாசம். நாலால் வகுத்து நாலரை மாதம் என்று சொன்னவர் முதல் இடத்தில் 9 நாளும் இரண்டாவதில் 12 நாளும் தவறியிருப்பார்.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்கக் கிழமையைப் பாருங்கள். முழு வாரங்களைக் கூட்டினால் கிழமை மாறவே மாறாது. ஜனவரி 5 திங்கள், மே 11-ம் திங்கள். ஜூலை 5 ஞாயிறு, நவம்பர் 8-ம் ஞாயிறு. கிழமை மாறியிருந்தால் எங்கோ ஒரு மாதத்தின் நாள் எண்ணிக்கையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்; பெரும்பாலும் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பரில் ஒன்றை 31 என்று எடுத்திருப்பீர்கள்.

ஆடி 1 ஜூலை 17 என்றால் ஆடி 18 ஆகஸ்ட் 4 தானே வர வேண்டும்? ஒகேனக்கல்லில் 3-ஆம் தேதியே ஏன் கூட்டம்?

17-உடன் 18-ஐக் கூட்டினால் ஒரு நாள் தள்ளிப்போகும். ஆடி 1 என்பதே முதல் நாள், எனவே கூட்ட வேண்டியது 17 தான். ஜூலை 17 + 17 நாள் = ஆகஸ்ட் 3. ஆடி 16-ஆம் தேதியே பிறக்கும் ஆண்டில் பெருக்கு ஆகஸ்ட் 2-க்கு வரும்.

நம் வழக்கத்தில் தொடங்கும் நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். குழந்தைக்குப் பேர் வைக்கும் 16-ஆம் நாள், காரியம் செய்யும் 16-ஆம் நாள், 48 நாள் மண்டல பூஜை எல்லாம் அப்படியே. இந்த இடங்களில் தொடக்கத் தேதியோடு ஒன்று குறைத்துக் கூட்டவும்: 16-க்கு 15, 48-க்கு 47. ஞாயிறு தொடங்கிய 48 நாள் மண்டலம் ஏழாவது வெள்ளிக்கிழமையில் முடியும், ஞாயிறில் அல்ல. 48 நாள் என்பது 6 வாரம் 6 நாள். 41 நாள் விரதமும் 5 வாரம் 6 நாள்தான், அதுவும் தொடங்கிய கிழமைக்கு இரண்டு நாள் முந்தின கிழமையில் முடியும்.

ஆஸ்பத்திரி, வங்கி, ஆபீஸ் கணக்கில் வழக்கம் வேறு. அங்கே "4 வாரம் கழித்து வாங்க" என்றால் 28 நாளையும் கூட்ட வேண்டும், தொடக்க நாளைச் சேர்ப்பதில்லை.

வாரம் 3,500 ரூபாய் கூலி. மாத வருமானம் 14,000 என்று எழுதலாமா?

எழுதினால் உங்களுக்குத்தான் நஷ்டம். 3,500 × 52 ÷ 12 = 15,167. நாலால் பெருக்கும்போது வருடத்துக்கு 48 வாரம் என்று ஆகிவிடுகிறது. விட்டுப்போன 4 வாரக் கூலி முழுசாக 14,000 ரூபாய். ரேஷன், கடன், வாடகை என்று எந்த விண்ணப்பத்தில் எழுதினாலும் இந்த ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

செலவுப் பக்கமும் இதே கதைதான். குழுக் கடனுக்கு வாரம் 500 கட்டுகிறவர் மாதம் 2,000 என்று ஒதுக்குவார். உண்மையான சராசரி 2,167. திங்கள்கிழமை தவணை என்றால், 2026-இல் மார்ச், ஜூன், ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் ஐந்து திங்கள் வருகிறது. அந்த நாலு மாதமும் 2,500 வேண்டும். கடைசி வாரம் கைமாற்று தேடுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நடக்கும். முன்கூட்டியே நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

சந்தை வியாபாரிக்கு இதை எப்படிக் கணக்கிடுவது?

போச்சம்பள்ளி சந்தை ஞாயிறு, குந்தாரப்பள்ளி வெள்ளி. மாதத்தைப் பார்க்காமல் அந்தக் கிழமையை மட்டும் எண்ணுங்கள். எந்தக் கிழமையும் ஆண்டில் 52 முறை வரும். பன்னிரண்டு மாதத்துக்கும் குறைந்தது நாலு வீதம் 48. மீதி நாலு, நாலு மாதங்களில் ஐந்தாவதாக விழும். 2026-இல் ஐந்து ஞாயிறு வருவது மார்ச், மே, ஆகஸ்ட், நவம்பர்.

சில ஆண்டில் 53 வரும். ஜனவரி 1 எந்தக் கிழமையோ அந்தக் கிழமைக்கு 53. லீப் ஆண்டாக இருந்தால் அடுத்த கிழமைக்கும் சேர்த்து 53. 2028 சனிக்கிழமை தொடங்கும் லீப் ஆண்டு, ஆகவே சனியும் ஞாயிறும் 53.

பத்தாயிரம் வாங்கி, வாரம் ஆயிரம் வீதம் 12 வாரம் கட்டினால் என்ன வட்டி? மூணு மாசத்துக்கு 20 சதவீதம் என்கிறார்களே?

கொடுப்பவர் அப்படித்தான் சொல்வார். இரண்டு இடத்தில் கணக்கு மறைகிறது.

ஒன்று, 12 வாரம் என்பது 84 நாள். மூன்று மாதத்தில் ஒரு வாரம் குறைவு. இரண்டு, பத்தாயிரமும் 12 வாரமும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் வாரம் 10,000 நிற்கிறது; அசல் வாரத்துக்கு 833 வீதம் குறைந்துகொண்டே வந்து கடைசி வாரம் 833 மட்டும் நிற்கிறது. சராசரியாக உங்களிடம் இருந்த பணம் சுமார் 5,417 தான். அதற்கு 12 வாரத்தில் 2,000 வட்டி என்றால் வாரத்துக்கு 3.08 சதவீதம். அதை 4.348-ஆல் பெருக்குங்கள்: மாதத்துக்கு நூற்றுக்கு 13.4 ரூபாய். முதல் தவணையைப் பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும்.

நேர்மாறாக, "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்று மாத வட்டி பேசியிருந்தால் வாரத்துக்கு 50 பைசா அல்ல, 46 பைசா. 2 × 12 ÷ 52. தொகை சிறிதாக இருந்தால் தெரியாது, லட்சத்தில் தெரியும்.

28 நாள் ரீசார்ஜ் ஒரு மாதம்தானே?

365-ஐ 28-ஆல் வகுத்தால் 13. ஆண்டுக்கு 13 முறை போடுகிறீர்கள். 28 நாளுக்கு 299 ரூபாய் என்றால் அது மாதம் 325 ரூபாய்த் திட்டம். 84 நாள் திட்டம் 12 வாரம். நாலு முறை போட்டாலும் 336 நாள்தான் வரும், இன்னும் 29 நாள் பாக்கி. 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். கடையில் கேட்டால்தான் சொல்வார்கள்.

இரண்டு திட்டத்தை ஒப்பிட மாத விலையை விடுங்கள். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள்.

கர்ப்பத்தில் 20 வாரம் என்றால் எத்தனை மாதம்? நர்சம்மா ஒன்று சொல்கிறார், மாமியார் ஒன்று சொல்கிறார்.

இருவரும் தங்கள் கணக்கில் சரி. மருத்துவக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்கி 280 நாள், அதாவது 40 வாரம். இதை 28 நாள் மாதமாக எண்ணினால் பத்து மாதம். வீட்டில் சொல்லும் "பத்து மாசம்" இதுதான். நாட்காட்டி மாதமாக எண்ணினால் 9 மாதமும் 6 நாளும். 20 வாரம் என்பது முதல் கணக்கில் 5 மாதம், இரண்டாவதில் 4 மாதம் 18 நாள்.

வளைகாப்பு ஏழாம் மாதத்தில் என்றால் சிக்கல் பெரிதாகும். 28 நாள் கணக்கில் ஏழாம் மாதம் 24 வாரம் முடிந்ததும் தொடங்கி 28 வாரம் நிறைவதோடு முடிகிறது. நாட்காட்டிக் கணக்கில் 26 வாரம் 1 நாள் முடிந்த பிறகே ஏழாம் மாதம் தொடங்கி, 30 வாரத்தைத் தாண்டிப் போகிறது. இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொள்ளும் தேதி வேண்டுமென்றால் 27, 28-ஆம் வாரங்களில் ஏறக்குறைய 13 நாள் இருக்கிறது. அதற்குள் முகூர்த்தம் பாருங்கள்.

பிரசவத் தேதி போட ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் சுருக்கு வழி: மூன்று மாதம் பின்னால் போய், ஏழு நாள் கூட்டி, அடுத்த ஆண்டு போடுவது. மாதவிலக்கின் முதல் நாள் 10 மார்ச் 2026 என்றால் டிசம்பர் 17. (மார்ச்சிலிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் டிசம்பர், ஆண்டு 2025-லிருந்து 2026 ஆகும்.) ஆனால் 280 நாளை நேராக எண்ணினால் டிசம்பர் 15. அந்த ஒன்பது மாதத்தில் 275 நாள் இருப்பதால் சுருக்கு வழியில் 282 ஆகிவிடுகிறது. தொடங்கும் மாதத்தைப் பொறுத்து சுருக்கு வழி 280 முதல் 283 வரை எதையும் தரும். கிழமைச் சோதனை இங்கும் உதவும்: மார்ச் 10 செவ்வாய், டிசம்பர் 15 செவ்வாய். அட்டையில் ஒரு தேதி, ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னொரு தேதி என்று ஒன்றிரண்டு நாள் மாறியிருந்தால் பதற வேண்டாம். ஸ்கேனில் குழந்தையின் அளவை வைத்து மருத்துவர் தேதியையே மாற்றிக் கொடுத்தால், அதற்குப் பிறகு அந்தத் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கால் கைதவறுவது ஸ்கேனும் பதிவும்தான். முதல் மூன்று மாத ஸ்கேனை 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும், அதாவது 77-ஆம் நாளிலிருந்து 97-ஆம் நாள் வரை. "மூணு மாசம் முடியட்டும்" என்று காத்திருந்தால் 91, 92 நாள் போய்விடும். கையில் மீதி ஒரு வாரம்கூட இருக்காது, நடுவில் ஒரு பண்டிகை வந்தால் அதுவும் போச்சு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குக் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் கெடுவும் 12 வாரம். அது 84 நாள், மூன்று மாதம் அல்ல.

தடுப்பூசியை ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடலாமா?

அட்டையில் இருப்பது 6, 10, 14 வாரம். வாயில் சொல்லும்போது ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம் ஆகிவிட்டது. 6 வாரம் 42 நாள், ஒன்றரை மாதம் 45 அல்லது 46 நாள். 10 வாரம் 70, இரண்டரை மாதம் 76. 14 வாரம் 98, மூன்றரை மாதம் 106. மூன்றாவது ஊசிக்கு வரும்போது ஒரு வாரத்துக்கு மேல் பின்தங்கிவிடுவீர்கள்.

முன்னாலும் போகக் கூடாது. 6 வாரம் நிறையாமல் முதல் ஊசி போடமாட்டார்கள். ஊசிக்கு ஊசி குறைந்தது 4 வார இடைவெளி வேண்டும். நம் கிராமங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. புதன் முதல் புதன் வரை நாலு எண்ணினால் 28 நாள் தானாக அமைந்துவிடும், தேதியே பார்க்க வேண்டாம். ஒரு புதன் தவறினால் அடுத்த புதனே போய்விடுங்கள். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி மட்டும் மாதக் கணக்கு: 9 மாதம் நிறைந்த பிறகு. அதை 36 வாரம் என்று எடுத்தால் மூன்று வாரம் முன்னாலேயே போய் நிற்பீர்கள்.

பிறப்புப் பதிவுக்கு 21 நாள், அதாவது சரியாக மூன்று வாரம்.

மகப்பேறு விடுப்பு 26 வாரமா, ஆறரை மாதமா?

ஓசூர் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் அதிகம் கேட்பது இது. 26-ஐ நாலால் வகுத்து ஆறரை மாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 26 வாரம் 182 நாள், அதாவது ஆறு மாதம். ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் இதற்குள் அடக்கம்.

1 ஜனவரி 2026 வியாழன் தொடங்கினால் கடைசி நாள் ஜூலை 1. ஜூலை 2 வியாழன் வேலைக்கு வர வேண்டும். ஜூலை 1-இல் தொடங்கினால் டிசம்பர் 29 கடைசி, டிசம்பர் 30 வேலை. பிரசவத்துக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. அது 56 நாள், இரண்டு மாதத்தைவிட ஐந்தாறு நாள் குறைவு. ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் மொத்த விடுப்பே 12 வாரம். தமிழக அரசு ஊழியருக்கு விதி வேறு: 2021 ஜூலையிலிருந்து 12 மாதம்.

அப்படியானால் 4 வாரம் = 1 மாதம் என்பது எங்குமே சரியில்லையா?

சரியாக வரும் இடமும் உண்டு. வழக்கமான காசநோய் சிகிச்சையை ஆறு மாதம் என்பார்கள். மாத்திரைக் கணக்கில் அது முதல் கட்டம் 56 நாள், அடுத்த கட்டம் 112 நாள், மொத்தம் 168 நாள். அட்டைகள் 28 நாளுக்கு வருவதால் அங்கே மாதமே 28 நாள். நாட்காட்டியில் ஆறு மாதம் ஆகவில்லையே என்று குழம்ப வேண்டாம். தேதியைப் பார்த்து நிறுத்தாமல், மாத்திரை எண்ணிக்கையும் மருத்துவர் சொல்லும் நாளும் பார்த்து முடியுங்கள். நடுவில் விட்டுப்போன நாட்கள் கடைசியில் சேரும்.

தமிழ் மாதத்துக்கு எத்தனை வாரம்?

29 நாளிலிருந்து 32 நாள் வரை. சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் நேரம்தான் தமிழ் மாதம். வாக்கியப் பஞ்சாங்கத்தில் நீளமான ஆனி 31 நாள் 36 நாழிகை, குட்டையான மார்கழி 29 நாள் 20 நாழிகை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குக் கிட்டே வந்து வேகமாக ஓடுகிறது, ஜூலையில் தூரத்தில் மெதுவாகப் போகிறது. அதனால்தான் மார்கழியும் தையும் சீக்கிரம் முடிகின்றன. மாந்தோப்புக் குத்தகையைத் தமிழ் மாதத்தில் பேசினால் தொடக்கமும் முடிவும் ஆங்கிலத் தேதியாகவும் எழுதிக்கொள்வது நல்லது.

நாழிகைக் கணக்கு எளிது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், நாழிகையில் அறுபதில் ஒரு பங்கான வினாடி 24 செகண்ட். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு ஜாமம், அது 3 மணி. ஒன்றரை மணி ராகுகாலம் மூன்றே முக்கால் நாழிகை.

பழைய ஜாதகத்தில் "உதயாதி நாழிகை 12.30" என்றிருந்தால் சூரிய உதயத்திலிருந்து 12 நாழிகை 30 வினாடி. 12 × 24 = 288 நிமிடம்; 30 வினாடிக்கு 12 நிமிடம்; மொத்தம் 300 நிமிடம், 5 மணி. அன்று உதயம் 6.10 என்றால் பிறந்த நேரம் பகல் 11.10. இங்கேயும் புள்ளி தசமப் புள்ளி இல்லை.

ஓசூரில் யுகாதி மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுகிறது?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் பார்ப்பது சந்திர மாதம். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29 நாள் 12 மணி 44 நிமிடம், சுமார் 4.22 வாரம். பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. 2025-இல் யுகாதி மார்ச் 30, 2026-இல் மார்ச் 19. இப்படியே பின்னால் போகாமலிருக்க இரண்டரை ஆண்டுக்கு மேல் ஒருமுறை அதிக மாதம் சேர்ப்பார்கள். 2026-இல் அது வருவதால் 2027 யுகாதி ஏப்ரல் 7-க்குத் தள்ளிப்போகிறது.

பட்டுப்புழு "ஒரு மாசப் பயிர்" என்கிறார்களே, ஆண்டுக்கு 12 பயிர் எடுக்கலாமா?

புழுவின் கணக்கு வேறு, இலையின் கணக்கு வேறு. புழு பொரிந்ததிலிருந்து கூடு கட்டத் தொடங்கும் வரை சுமார் 24 முதல் 28 நாள். இளம்புழு மையத்திலேயே முதல் 7, 8 நாள் கழிந்துவிடும். உங்கள் மனையில் இருப்பது மூன்று வாரத்துக்குள்தான். அதில் கடைசி 7, 8 நாள், ஐந்தாம் பருவத்தில், இலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். புழு ஏறிய பிறகு ஆறேழு நாள் விட்டுக் கூடு பறித்து தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோகலாம்.

ஆனால் கவாத்து செய்த மல்பெரி மறுபடி இலை தர 45 முதல் 60 நாள் வேண்டும். ஒரே தோட்டமாக வைத்தால் ஆண்டுக்கு ஐந்தாறு பயிர். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கவாத்து செய்தால் எண்ணிக்கை இரட்டிக்கும், ஒவ்வொரு பயிரின் அளவும் பாதியாகும். குளிர் மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டையில் புழுவின் நாட்கள் இழுக்கும், கோடையில் சுருங்கும். எனவே முட்டைக்கு முன்பதிவு செய்யும்போது மாதத்தைச் சொல்லாதீர்கள். கவாத்து செய்த தேதியிலிருந்து நாளை எண்ணிச் சொல்லுங்கள்.

தக்காளி: நாற்றங்காலில் 25 நாள், நட்டபின் 60 முதல் 70 நாளில் முதல் பறிப்பு. விதைத்ததிலிருந்து 12, 13 வாரம்.

சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டுமா, 30-ஆல் வகுக்க வேண்டுமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி என்றால் வாரம் 48 மணி. 48 × 52 ÷ 12 = 208 மணி. 26 நாள் × 8 மணியும் அதே 208. அதனால்தான் வேலை நாள் கூலிக்கு 26. பணிக்கொடையிலும் "15/26" என்று வருவது இந்த 26 தான்.

15,600 ரூபாய் சம்பளம் என்றால் மணிக்கு 75. 30 நாளால் வகுத்து 240 மணி என்று போட்டால் 65 ஆகிவிடும். ஓவர்டைம் இரட்டிப்பு என்பதால் மணிக்கு 150 வர வேண்டிய இடத்தில் 130 வரும். சம்பளச் சீட்டில் எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

ஒப்பந்தத்தில் "மூன்று மாதம்" என்றிருந்தால் 90 நாளா?

பொதுவாக இல்லை. 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டப்படி, சட்டத்தில் மாதம் என்றால் ஆங்கில நாட்காட்டி மாதம். தேதிக்குத் தேதி எண்ண வேண்டும். காசோலை செல்லும் காலமும் அப்படித்தான், மூன்று மாதம். மூன்று மாதம் என்பது 89 நாளிலிருந்து 92 நாள் வரை எதுவாகவும் இருக்கும். எழுதுவது நீங்களாக இருந்தால் "90 நாட்கள்" என்றோ, முடியும் தேதியையோ போட்டுவிடுங்கள்.

எக்செல், போன் ஆப்பில் போட்டால் விடை மாறி மாறி வருகிறதே?

மூன்று காரணம். சில ஆப் 4-ஆல், சில 4.33-ஆல், சில 4.348-ஆல் வகுக்கும். 52 வாரத்தைத் தட்டிப் பாருங்கள்: 13 வந்தால் அந்த ஆப்பை நீக்கிவிடலாம், 12 வந்தால் 4.33, 11.96 வந்தால் சரியானது.

இரண்டாவது, எக்செல்லில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் சில நேரம் விடையையும் தேதி வடிவிலேயே காட்டும். அந்தக் கட்டத்தை எண் வடிவுக்கு மாற்றினால் நாள் தெரியும். 7-ஆல் வகுத்தால் வாரம். தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் எக்செல் அதைத் தேதியாகவே எடுக்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. நாள் முன்னால் மாதம் பின்னால் என்ற நம் வழக்கும், கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் அமெரிக்க வழக்கும் மோதும்போது இது நடக்கும். 12-க்கு மேற்பட்ட தேதிகள் எழுத்தாக நிற்கும், 12 வரையுள்ளவை சத்தமில்லாமல் நாளும் மாதமும் இடம்மாறிவிடும். பின்னது ஆபத்தானது.

மூன்றாவது, மாதக் கடைசி. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. அதோடு இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28, 31 அல்ல. தவணைப் பட்டியல் போடும்போது முந்தின வரியோடு ஒரு மாதம் கூட்டாதீர்கள். எப்போதும் முதல் தேதியோடு 1, 2, 3 மாதம் என்று கூட்டுங்கள்.